அம்மா வீட்டில் மூன்று வருஷம்: சொந்த வீட்டுக்கு ஒரு வழி

(உப்பிலியபுரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



இன்றைக்கு நான் பேசப் போவது வீடு பற்றி. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று பெரியவங்க சொல்வாங்க. அந்த வீட்டைக் கட்டுவதற்கு முதல் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் இன்றைய பேச்சு. குழுக் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "திருப்பூர்ல வாடகை கட்டியே ஓஞ்சு போறோம். பேசாம அம்மா வீட்டுக்கே வந்து ரெண்டு மூணு வருஷம் இருந்து பணம் சேத்துட்டு, அப்புறம் வீடு கட்டலாமா?" கட்டலாம். நம்ம பக்கத்தில் அப்படிக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்து, பணமும் சேராமல், பிறந்த வீட்டு உறவும் கெட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

வெட்கப்பட ஒன்றுமில்லை

முதலில் ஊர்ப் பேச்சு. கல்யாணம் ஆன பெண் பெட்டி படுக்கையோடு அம்மா வீட்டுக்கு வந்தால் நம்ம ஊரில் என்ன சொல்வாங்க? "புருசனோட சண்டை போல." அவள் புருசனும் கூட வந்தால்? "வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டான்." இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து மாதம் 5,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எத்தனை? பேசுகிறவர்கள் யாரும் நமக்கு வாடகை கட்டப் போவதில்லை.

இது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. நம்ம துறையூர், முசிறிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரை எடுத்துக்குங்க. அங்கே மக்களில் பெரும்பாலோர் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். அந்தக் கழகம் 1960-இல் தொடங்கியது. புது வீட்டுக்குப் பதிந்துவிட்டு, கட்டி முடியும் வரை சில வருஷம் கணவனும் மனைவியும் பெற்றோர் வீட்டிலேயே தங்கிப் பணம் சேர்ப்பது அங்கே சாதாரணம். அமெரிக்காவில் 2020-இல் கொரோனா வந்தபோது 18 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள் என்று ஒரு ஆய்வு சொன்னது. பணக்கார நாட்டிலேயே அப்படி. நாம் ஏன் தலை குனியணும்?

அதே 2020-இல் திருப்பூர், கோயமுத்தூரிலிருந்து நம்ம ஒன்றியத்துக்குத் திரும்பி வந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது வேறு வழியில்லாமல் வந்தார்கள். நான் சொல்வது யோசித்து, கணக்குப் போட்டு வருவது.

கணக்குப் போட்டுப் பாருங்க

நிறைய பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். "வாடகை 5,000 மிச்சம், மூணு வருஷத்துக்கு 1,80,000 கையில் நிற்கும்" என்று நினைக்கிறார்கள். நிற்காது. ஊருக்கு வந்தால் வாடகை போகும், அதோடு வருமானமும் குறையும். இரண்டையும் எழுதணும்.

ஒரு கணக்கைச் சொல்றேன். இது உதாரணம்தான். உங்க தொகையை நீங்க போட்டுக்குங்க.

திருப்பூரில் கணவனுக்கு 16,000, மனைவிக்கு 10,000. மொத்தம் 26,000. லைன் வீட்டு வாடகை 5,000. கரண்ட், தண்ணி 800. மளிகை, காய்கறி, பால் 8,000. பள்ளிக்கூடம், வேன் 3,000. கேஸ் 1,000. ஊருக்கு வந்துபோகிற செலவு 1,500. போன், மருந்து 1,500. பழைய கடன் தவணை 3,000. கூட்டினால் 23,800. மிச்சம் 2,200.

ஊருக்கு வந்தால் கணவனுக்குத் துறையூரில் 14,000. மனைவிக்குத் தையல், களையெடுப்பு, வெங்காயம் அரிதல் எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 20,000. வருமானத்தில் 6,000 குறைந்துவிட்டது, பாருங்க. இப்போ செலவு: அம்மா கையில் சாப்பாட்டுக்கு 6,000. கேஸ், கரண்டுக்கு 800. அரசுப் பள்ளி என்பதால் நோட்டு, சில்லறைச் செலவு 1,000. போன், மருந்து 1,500. பஸ், பெட்ரோல் 1,200. பழைய தவணை 3,000. கூட்டினால் 13,500. மிச்சம் 6,500.

மாதம் 2,200 மிச்சமாகிய இடத்தில் 6,500 மிச்சம். மூன்று வருஷத்துக்குப் பெருக்குங்க. அங்கேயே இருந்தால் 79,200. இங்கே வந்தால் 2,34,000. வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேலே.

இதே கணக்கில் ஊரில் கணவனுக்கு வேலை சரியாக அமையாமல் 8,000 தான் வருகிறது என்று வைத்துக்குங்க. அப்போ மிச்சம் 500 ரூபாய். அங்கே இருந்ததைவிட மோசம். அதனால் வேலையை உறுதி செய்யாமல் வீட்டைக் காலி பண்ணிட்டு வராதீங்க. மனைவியும் பிள்ளைகளும் இங்கே, கணவன் அங்கே நண்பர்களோடு ரூமில் என்று இருக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்கள் இரண்டு இடத்துச் செலவையும் எழுதிப் பார்க்கணும்.

இன்னொன்று. லைன் வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் பணம் திரும்பி வரும். 20,000, 25,000 என்று கையில் வரும்போது ஒரு பைக்கு, ஒரு பெரிய டிவி என்று மனசு போகும். அந்தப் பணத்தை முதல் நாளே தனியாகப் போட்டுவிடுங்க. பத்திரச் செலவு என்று ஒன்று பின்னால் வரும், அதற்கு உதவும்.

கையில் பணம் ஏன் வேண்டும்?

"அரசாங்கம்தான் வீடு கட்டப் பணம் தருதே, நாம ஏன் சேக்கணும்?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். நல்ல கேள்வி. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-இல் வந்தது. 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடு, 2016-இல் பிரதமரின் ஊரக வீடு, 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஒவ்வொரு காலத்திலும் திட்டங்கள் வந்தன. கனவு இல்லம் அறிவிக்கப்பட்டபோது ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடி, குடிசையில் இருப்பவர்களுக்கு என்று சொன்னார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை அலுவலகத்தில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. நீங்க ஊராட்சியில் இருந்தால் ஊராட்சி செயலரையும் ஒன்றிய அலுவலகத்தையும் கேட்கணும். உப்பிலியபுரம், பாலகிருஷ்ணம்பட்டி மாதிரி பேரூராட்சியில் இருந்தால் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்கணும். ஊரகத் திட்டம் வேறு, நகர்ப்புறத் திட்டம் வேறு.

இந்தத் திட்டங்களில் இரண்டு விஷயம் பொதுவாக இருக்கும். ஒன்று, பணம் தவணையாகத்தான் வரும். அடித்தளம் போட்ட பிறகு ஒரு தவணை, ஜன்னல் மட்டத்துக்கு மேலே வந்ததும் ஒரு தவணை, கூரை போட்டதும், வேலை முடிந்ததும் என்று படிப்படியாக. முதலில் நாம் வேலையைக் காட்டணும், அப்புறம்தான் பணம். அடித்தளம் போடக் கையில் பணம் இல்லாதவர்கள்தான் வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு, அந்தத் தொகை வீடு முழுவதற்கும் போதாது.

கொத்தனாரிடம் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று கேளுங்க. 1,800 என்று சொன்னால், 360 சதுர அடிக்கு 6,48,000. அரசு உதவி 3,50,000 கிடைத்தாலும் 2,98,000 நம்ம கையிலிருந்து போடணும். அம்மா வீட்டில் இருந்து 2,34,000 சேர்த்தவர்களுக்கு 64,000 தான் குறை. குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் வாங்கினால் முதல் மாத வட்டி 640 ரூபாய். 79,200 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2,18,800 குறை. அவ்வளவு கடன் குழுவில் கிடைக்காமல் வெளியில் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டியே 4,376. வாடகை மாதிரியே ஆகிவிட்டது. சொந்த வீட்டில் இருந்துகொண்டு வாடகை கட்டுகிற நிலைமை.

எடுத்து வைத்தால்தான் சேமிப்பு

நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு தங்கச்சி இப்படித்தான் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த மாதமே வங்கியில் 36 மாதத்துக்கு ஆர்.டி. போட்டாள், மாதம் 5,000, தன் பேரில். குழுச் சேமிப்பு 500. மீதி 1,000 ரூபாயை ஆஸ்பத்திரி, காதுகுத்து மாதிரி அவசரத்துக்கு என்று சேமிப்புக் கணக்கிலேயே விட்டாள். கணவருக்குச் சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.க்குப் பணம் போய்விடும். "வீட்டில பணம் இருந்தா அதுக்குக் கால் முளைச்சிடும் மேடம்" என்று சொல்வாள். உண்மைதானே? வாடகை என்றால் மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்து நிற்பார், கட்டாமல் இருக்க முடியாது. சேமிப்பைக் கேட்க யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அதனால் வாடகை மிச்சமான பணம் எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும். டாஸ்மாக்குக்கும் போகும், சீர்வரிசைக்கும் போகும், நொறுக்குத் தீனிக்கும் போகும்.

அஞ்சலகத்திலும் ஆர்.டி. இருக்கிறது, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஆனால் அது 5 வருஷக் கணக்கு. மூன்று வருஷம் முடியும் முன்னே முடித்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு முடித்தாலும் வட்டி குறைவாகத்தான் தருவார்கள். மூன்று வருஷத்தில் வீடு என்று திட்டம் இருந்தால் வங்கியில் 36 மாதம் போடுவது வசதி. நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று தெரிந்தவர்களிடம் கட்டுவதை இந்தப் பணத்தில் செய்ய வேண்டாம். இது வீட்டுப் பணம்.

அந்தத் தங்கச்சி மூன்று வருஷம் என்று சொன்னாள், மூன்று வருஷம் நாலு மாதத்தில் தனி வீட்டுக்குப் போனாள். இப்போது அவள் அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் வருகிறார்கள்.

மனை யார் பேரில்?

இனி சொல்லப் போவதை நல்லா கவனிங்க. நம்ம ஒன்றியத்தில் ஒரு அக்கா, பேர் வேண்டாம், இதே மாதிரி அப்பா வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நல்ல மனுசன். "எதுக்கும்மா மனைக்குப் பணம் செலவு பண்ற? நம்ம வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் கிடக்கு, அதில் கட்டிக்க" என்றார். அக்காவும் நம்பினார்கள். பட்டா அப்பா பேரில் இருந்ததால் அரசுத் திட்டத்தில் பேர் வரவில்லை. பரவாயில்லை என்று சேர்த்த பணம், நகை அடகு, வெளிக் கடன் எல்லாம் போட்டு இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கட்டினார்கள். கிரகப்பிரவேசம் நடந்து எட்டு மாதத்தில் அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார். ஒரு எழுத்தும் இல்லை.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தம்பி வந்து, "இடம் அப்பாவோடது, அதில எனக்கும் பங்கு இருக்கு, நீ கட்டினதுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். தம்பி சொன்னதில் சட்டப்படி பொய் இல்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்தை எழுதி வைக்காமல் இறந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் எல்லா மகன், மகள்களுக்கும் சமபங்கு. அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பங்கு பிரிக்காத இடத்தில் வீடு நிற்கிறது. அக்காவுக்கு உரிமை இருக்கு, ஆனால் எந்த அடி மண் அக்காவுடையது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அம்மா மகன் வீட்டிலும் சாப்பிட முடியாமல், மகள் வீட்டிலும் சாப்பிட முடியாமல் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டார்கள். கடைசியில் குழுப் பெண்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டார்கள். வீடு நின்ற இடம் அக்காவுக்கு. அதற்குப் பதிலாகக் காட்டில் தன் பங்கை அக்கா விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா இருக்கும்போதே ஒரு நாள் துறையூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் காட்டுப் பங்கும் இருந்திருக்கும், தம்பி உறவும் இருந்திருக்கும்.

ஆகவே, பெற்றோர் இடத்தில் கட்டுவதானால் முதல் செங்கல் வைக்கும் முன் அந்த இடத்தைப் பத்திரமாக எழுதி வாங்குங்க. குடும்பத்துக்குள் எழுதும் தான செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, வெளியாளிடம் கிரயம் வாங்குவதைவிட மிகவும் குறைவு. உயில் என்றால் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், இடையில் மாற்றியும் எழுதலாம். செட்டில்மென்ட் பதிந்ததும் அமலுக்கு வரும். பதிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கும் விண்ணப்பம் கொடுங்க. பத்திரம் இருந்தும் பட்டா மாறாமல் இருப்பதால்தான் திட்டத்தில் பேர் விட்டுப் போகிறது.

இதில் பெற்றோருக்கும் பாதுகாப்பு வேண்டும். கடைசி வரை பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்க. அப்படி எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு ரத்து செய்ய வழி இருக்கிறது.

வெளியில் மனை வாங்குவதானால் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கா, வில்லங்கச் சான்றில் கடன் ஏதும் இருக்கா என்று பாருங்க. பத்திரம் உங்க பேரில் போடுங்க. பெண்கள் பேரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் வந்தது. 4 லட்சம் ரூபாய் மனைக்கு அதுவே 4,000 ரூபாய் மிச்சம்.

"பொட்டப்புள்ளைக்குப் பிறந்த வீட்டில் என்ன பங்கு?" என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே சட்டம் இருக்கிறது. அப்போது அது அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதற்கும் வந்த திருத்தத்தில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போய்விட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்கு வாரிசுச் சட்டம் வேறு. சந்தேகம் இருந்தால் திருச்சியில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்க. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

வருவதற்கு முன்னே பேசுங்க

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாம் போவது மூன்று நாளுக்கு இல்லை, மூன்று வருஷத்துக்கு. அதனால் விருந்தாளி மாதிரி போக முடியாது. போகும் முன்னே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து விஷயம் பேசிவிடுங்க.

1. எத்தனை நாள்? மாதமும் வருஷமும் சொல்லுங்க. "கொஞ்ச நாள்" என்று சொல்லாதீங்க.

2. சாப்பாட்டுக்கு எவ்வளவு, யார் கையில்? அம்மா "எங்கிட்டயா கணக்குப் பாக்குற, வேண்டாம்" என்பார்கள். வேண்டாம் என்றாலும் ஒன்றாம் தேதி கொடுத்துவிடுங்க. அரிசி காட்டில் விளைந்தாலும் எண்ணெய், பருப்பு கடையில்தான் வாங்கணும்.

3. படுக்கிற இடம், பெட்டி வைக்கிற இடம் எது? கணவருக்கும் கௌரவமாக இருக்கணும், அண்ணிக்கும் இடைஞ்சல் இருக்கக்கூடாது.

4. வீட்டு வேலை யார் யார்? தண்ணி பிடிப்பது, பாத்திரம், மாடு, சமையல். கணவரும் இதில் இருக்கணும். மாப்பிள்ளை என்று உட்கார வைத்தால் பாரம் முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழும்.

5. பிள்ளைகளை யார் பார்ப்பது? பாட்டி பார்ப்பார்கள் என்று நாமே முடிவு செய்யக்கூடாது. பாட்டிக்கும் மூட்டு வலி இருக்கும், குழுக் கூட்டம் இருக்கும்.

குடும்ப அட்டை விஷயத்தையும் மறக்காதீங்க. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அம்மா அட்டையில் பேரைச் சேர்த்துவிடுகிறார்கள். உங்க தனி அட்டையை விடாதீங்க, முகவரியை மட்டும் மாற்றிக்குங்க. 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்றுதான் விதி வைத்தார்கள். ஒரே அட்டையில் இருந்த அம்மாவும் மகளும் அதில் ஒருவர்தான் வாங்க முடிந்தது. வீடு இல்லாதவர்கள் கணக்கெடுப்பு வரும்போதும் இதே சிக்கல். அம்மா வீடு தளம் போட்ட வீடாக இருந்து, நீங்களும் அந்தக் குடும்பம் என்று எழுதிவிட்டால், "உங்களுக்குத்தான் வீடு இருக்கே" என்று சொல்லிவிடுவார்கள்.

அம்மாக்களுக்கும் அண்ணிமாருக்கும் ஒரு வார்த்தை

இந்தக் கூட்டத்தில் திரும்பி வந்த மகளும் இருக்கிறாள், அவளைப் பெற்ற அம்மாவும் இருக்கிறார்கள், அவள் அண்ணியும் இருக்கிறாள். மூன்று பேரும் நம்ம உறுப்பினர்கள்தான். ஒருத்தி பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போனால் நியாயம் இல்லை.

அம்மாக்களே, மகள் வந்திருக்கும்போது மருமகளிடம் காட்டுகிற முகம் மாறக்கூடாது. மகள் கொடுக்கிற பணத்தை எல்லோருக்கும் தெரியச் செலவு பண்ணுங்க. உங்க முதியோர் உதவித்தொகையையும் நகையையும் மகள் வீடு கட்டவும் மகன் தொழில் செய்யவும் என்று மொத்தமாகக் கொடுத்துவிடாதீங்க. உங்களுக்கு என்று கொஞ்சம் வைத்துக்குங்க.

அண்ணிமார்களே, உங்க பயம் எனக்குப் புரியுது. "வந்தவ போவாளா? இடத்துல பங்கு கேட்பாளா?" என்ற பயம். நாளும் தொகையும் முன்னாலேயே பேசிவிட்டால் அந்தப் பயம் பாதி குறையும். நாளைக்கு உங்களுக்கே ஒரு தேவை வந்தால் நீங்களும் உங்க அம்மா வீட்டுக்குப் போக வேண்டி வரலாம். மாமியார் வீட்டில் தங்கிப் பணம் சேர்க்கிற மருமகளுக்கும் நான் சொன்ன எல்லாம் பொருந்தும்.

மகள்களே, ஒரு நிலைமையைத் தனியாகச் சொல்லணும். அடி தாங்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவளிடம் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று யாரும் கேட்காதீங்க. அவளுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், குழுவிலும் சொல்லலாம்.

குழு என்ன செய்யலாம்?

கடைசியாக மூன்று யோசனை. அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, பிடித்திருந்தால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்குங்க.

ஒன்று: திருப்பூர், கோயமுத்தூரிலிருந்து திரும்பி வருகிற பெண்களை உடனே குழுவில் சேர்த்துக்கொள்வது. ஏற்கெனவே வேறு ஊரில் குழுவில் இருந்திருந்தால் அங்கே கடன் பாக்கி இல்லை என்று கேட்டுக்கொண்டு சேர்க்கலாம். "இவ மூணு வருஷத்துல போயிடுவா" என்று தள்ளி வைக்காதீங்க. போனாலும் பெரும்பாலும் அடுத்த தெருவுக்குத்தான் போவாள்.

இரண்டு: வீட்டுக்கென்று சேமிக்கிற உறுப்பினர்கள் மாதம் ஒரு முறை ஆர்.டி. புத்தகத்தைக் குழுவில் காட்டுவது. வாடகைக்கு வீட்டுக்காரர் வந்து நிற்கிற மாதிரி, சேமிப்புக்கு நாம் வந்து நிற்போம். ஒரு மாதம் கட்டாவிட்டால் திட்ட வேண்டாம், என்ன ஆச்சு என்று கேட்டால் போதும்.

மூன்று: வீடு கட்டக் குழுவில் கடன் கேட்டால், பத்திரத்தையும் பட்டாவையும் பார்த்துவிட்டுக் கொடுப்பது. நம்ம பெண் அடுத்தவர் மண்ணில் காசைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது.

ரூபாய் 10, 20 என்று சேர்க்க ஆரம்பித்த காலத்திலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கு நான் சேமிப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சேமிப்பை உங்க பேரில் ஒரு மனையாகவும் நாலு சுவராகவும் மாற்றுவது அடுத்த படி. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், ஒரு நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதுங்க. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வைங்க. வருவதா, இருக்கிற இடத்திலேயே இருப்பதா என்று அந்த நோட்டு சொல்லும். நாலு பேர் என்ன சொல்வாங்க என்பதை அதில் எந்தப் பக்கமும் எழுத வேண்டாம்.